நீலமணிச் சாவி

— எதிப் அண்ணே, கோபப்படாதீங்க. இது அந்தச் சாவி இல்ல.

— எந்தச் சாவி இல்ல?

— இந்தக் கம்பிக்கதவுச் சாவி. என் கையில இருக்கறது என் வீட்டுச் சாவி.

— உனக்கு ஏதுடா வீடு, சுப்ஹி? நீ தகரப் பெட்டியில குடியிருக்க.

— நிலநடுக்கத்துல இடிஞ்ச வீட்டோடது. அரசாங்கக் குலுக்கல்ல புது வீடு விழணும்னு எல்லாரும் பழைய சாவியை ஹிஸிர் தர்காவுல போட்டு வேண்டிக்கறாங்க இல்ல? நானும் மத்தியானம் போனேன். மூணு சுத்து சுத்தினேன். கண்ணை மூடிக்கிட்டுப் பையில இருந்ததைக் கூடையில போட்டேன்.

— சுரங்கத்துச் சாவியைப் போட்டுட்ட.

— என் பொண்டாட்டி நெவால் ரெண்டுலயும் ஒரே மாதிரி நீலமணி கட்டியிருந்தா. நான் சாவி தொலைக்கறவன்னு. ஆக, ரோமாபுரி ராஜா வெட்டின சுரங்கம் இப்போ ஹிஸிருக்குச் சொந்தம். வீடில்லாத எனக்கு வீட்டுச் சாவி.

— நான் உள்ள உக்காந்திருக்கேன்னு தெரியும் இல்ல? எதுக்குப் பூட்டிட்டுப் போன?

— நான் இல்லாத நேரம் சுற்றுலாக்காரங்க யாராவது உள்ள போய்த் தலையில கல் விழுந்துட்டா, வேலை போயிடும். உங்களுக்கு இருட்டு பழக்கம், அரை மணி பொறுத்துக்குவீங்கன்னு நினைச்சேன். வானம் வெளுப்பாதான் இருந்துச்சு.

— மலையில மழை கொட்டுதுடா. தண்ணி கணுக்காலுக்கு வந்துடுச்சு.

— இங்கயும்தான். பயப்படாதீங்க. வெள்ளம் துறைமுகத்துக்குள்ள போகக்கூடாதுன்னு வெட்டினது இது. ரெண்டாயிரம் வருஷமா வேலையை ஒழுங்காச் செய்யுது. இங்க ஒழுங்கா வேலை பாக்காதவன் நான் ஒருத்தன்தான்.

— சுவரு ஏற முடியுமான்னு பாத்தேன். வழவழன்னு இருக்கு. விரல் நுழைக்க ஒரு இடம் விடல பாவிங்க.

— மேல் வாசல்?

— அங்கிருந்துதானே தண்ணியே வருது.

— இருங்க, தர்காவுக்குப் போன் போட்டுப் பேச்சை வெளியில விடறேன். அலோ, வஹீபா அக்கா? சுரங்கத்துக் காவல்காரன் சுப்ஹி பேசறேன். கூடையில என் சாவி இருக்கும், பெரிய சாவி.

— போட்டவங்க எல்லாரும் பெரிய சாவின்னுதான்பா சொல்றாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க வீடு பெருசு.

— நீலமணி கட்டியிருக்கும்.

— கூடையில பாதிக்கு நீலமணிதான். வேண்டுதலைத் திருப்பி எடுக்கக் கூடாதுப்பா, குத்தம்.

— அக்கா, எதிப் அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டார். வெள்ளம் வருது.

— மண்வாரி மிஷின் ஓட்டற எதிப்பா? கூடையோட வர்றேன். மகனோட வண்டியில வர்றேன், வை போனை.

— கேட்டீங்களா அண்ணே? கால் மணி நேரம். தீயணைப்புக்கும் சொல்லிட்டேன், பாதையில பாறை விழுந்திருக்காம். பூட்டைக் கல்லால அடிச்சுப் பாக்கறேன்.

— அடிக்காதே. அந்தச் சத்தம் வேண்டாம்.

— பூட்டுக்கு வலிக்கும்னா?

— எனக்கு ஆகாதுடா. கல்லுல இரும்பு அடிக்கற சத்தம்.

— அதுக்குத்தான் வாராவாரம் இங்க வந்து உக்கார்றீங்களா? டிக்கெட்டு இல்லாம விடறேன், காரணமாவது சொல்லலாம்.

— இங்க ஒண்ணும் கேக்காது. அவ்வளவுதான்.

— நான் ஒண்ணு கேக்கவா?

— இடுப்பு வரைக்கும் தண்ணியில நிக்கிறேன். இப்பவா?

— எப்பக் கேட்டாலும் டீ இருக்கான்னு கேப்பீங்க. இப்ப டீ கிடைக்காது, அதான். நிலநடுக்கம் வந்த அன்னிக்கு உங்க கால்ல விழுந்து எங்க தெருவுக்குக் கூட்டிட்டு வந்தேன். மிஷினை அணைச்சீங்க. தெருவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க மட்டும் படுத்து, இடுக்குல காதை வச்சீங்க. எழுந்து, சத்தம் இல்லன்னீங்க. போயிட்டீங்க. நான் கையால தோண்டினேன். மூணாம் நாள்தான் நெவால் பொணமா கிடைச்சா. நிஜமாவே ஒண்ணும் கேக்கலயா?

— கம்பியில கிளையெல்லாம் வந்து அடைக்குதுடா. அதை இழு.

— இழுத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க மேல சந்தேகம் இல்ல அண்ணே. பேத்திக்கு என் பொண்டாட்டி பேரை வச்ச மனுஷன் நீங்க. உங்க மக ரீமா குழந்தையை என் மடியில போட்டு, நெவால்னு கூப்பிடுன்னு சொன்னப்போ அப்படி அழுதேன், குழந்தையே பயந்து போச்சு. என்னாலதான் முடியல. தூங்கறப்போ எல்லாம் அவ கூப்பிட்டிருப்பாளோன்னு வருது.

— சுப்ஹி, நெஞ்சுக்கு வந்துடுச்சு. கால் தரையில நிக்கல.

— கம்பியைப் பிடிங்க. ரெண்டு கையாலயும். ஹிஸிரே, கூடையில தப்பாப் போட்டது நான். கணக்கை என்கிட்ட தீர்த்துக்கோ.

— தம்பி! வந்துட்டேன், வந்துட்டேன். இந்தா கூடை. எதிப் எங்க?

— அதோ, கம்பிக்குப் பின்னால தலை தெரியுது பாருங்க. அக்கா, ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுங்க. இல்ல. இது இல்ல. இதுவும் இல்ல. இது அலமாரிச் சாவி, அலமாரிக்கெல்லாமா வேண்டிக்கறாங்க?

— இந்தா, இது கனமா இருக்கு.

— இதுதான். இதேதான். விழுந்துடுச்சு பூட்டு. அண்ணே, கதவு உள்பக்கம்தான் திறக்கும், தண்ணி எதிர்க்குது. ஒரு ஆள் நுழையற அளவு தள்ளிட்டேன். கையைக் கொடுங்க.

— முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— வெளிய வந்து சொல்லுங்க.

— வெளிய வந்தா சொல்லமாட்டேன். மூணு வருஷம் வெளியதானே இருந்தேன்.

— என்ன மனுஷன் நீங்க. இந்தா, பிடிச்சுட்டேன். விடமாட்டேன். அக்கா, என் இடுப்பைக் கட்டிக்குங்க. சரி, சொல்லுங்க. கேட்டுச்சா, இல்லையா?

— கேட்டுச்சு. உன் பேரை ரெண்டு தடவை கூப்பிட்டா. ரீமா அடுத்த தெருவுல புதைஞ்சு கிடந்தா. வேற யாரு காதுலயும் அது விழுந்துடக் கூடாதுன்னுதான் உடனே மிஷினைப் போட்டேன்.