விசாரிக்க வந்தவன்

— குழாய மூடுண்ணா. கையத் தேச்சித் தேச்சித் தோலு உரியப் போவுது. யார் ரத்தம் அது?

— என்னுது இல்ல. நீ இன்னா மத்தியானத்துலயே வந்துட்ட? யுனிவர்சிட்டி லீவா?

— வேல கெடச்சிருக்கு. அத சொல்லத்தான் ஓடியாந்தேன். ஜெயவேலண்ணா, கேக்கறேன்ல, யார் ரத்தம்?

— வேலயா? பேங்க்ல பணம் எண்றதா?

— பணத்தக் கையால தொடவே மாட்டேன். எந்தக் கம்பெனிக்குக் கடன் குடுத்தா பேங்க் முழுகும்னு முன்னாடியே கண்டுபிடிச்சிச் சொல்லணும். ஃபைனான்ஸ் படிச்ச எங்க கிளாஸ்ல பாதிப் பேரு ஷேர் மார்க்கெட்டு, இன்சூரன்ஸ்னு போறாங்க. இது எனக்கும் இன்னொரு பொண்ணுக்கும் மட்டுந்தான்.

— சூப்பருமே சங்கமித்ரா. நைனா கேட்டா அழுதுருவாரு.

— நைனா எங்க?

— உள்ள படுத்துகினு கீறாரு. இப்ப எழுப்பாத.

— சொல்லுண்ணா. யாரு?

— சவரிநாதன் ஆளு ஒருத்தன். நான் புழல் ஜெயில்லேர்ந்து வெளிய வந்துட்டேன்ல, என்னிக்குனாலும் வருவானுங்கன்னு தெரியும். சட்டய இன் பண்ணிகினு, பைய மாட்டிகினு வந்தான். கீழ் வூட்டு சுகிர்தம் அக்காகிட்ட, நைனா பேரச் சொல்லி, அப்பாவு வூடு எது, யார் யார் கீறாங்கோ, கேசு எதுனா கீதான்னு கேட்டுக்கிறான். அப்பால நம்ம வூட்ட போட்டோ எடுத்தான். என் கூட்டாளி அப்சல வெட்றதுக்கு முன்னாடியும் அவனுங்கோ ஆளு ஒருத்தன் அப்டித்தான் வந்து எடுத்துகினு போனான்.

— அப்புறம்?

— மாடி ஏறி வந்தான். அடிபம்பு கைப்பிடி பின்மண்டைல எறங்கிச்சு. படில உருண்டான். எழுந்துக்கப் பாத்தான், வாயிலயே ஒண்ணு வுழுந்திச்சு. பல்லு செதறி சுகிர்தம் அக்கா வாசல்ல கெடக்கு. கும்பிட்டான். கும்பிட்ட கையோட சேத்து வுழுந்திச்சு. வெரலுங்கோ அந்தாண்ட மடங்கிகிச்சு.

— நைனா பாத்தாரா?

— பாத்தாரு. அதான் படுத்துட்டாரு.

— அவன் கழுத்துல நீலக் கலர் டேக் இருந்துச்சா?

— இருந்திச்சு. உனக்கு எப்டித் தெரியும்?

— வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி, வூட்டு அட்ரஸ் சரியா, போலீஸ் கேசு இருக்கான்னு விசாரிக்க ஆள் அனுப்புவாங்கண்ணா. வூட்ட போட்டோ எடுக்கணும். அதான் அவன் வேல. அந்த டேக்கு பேங்க் குடுக்கறது. காலைல எனக்கு போன் பண்ணி, எம்.கே.பி. நகர் தாண்டி எந்தப் பக்கம் மேடம்னு கேட்டான். நான்தான் வழி சொன்னேன்.

— இன்னாமே சொல்ற.

— உயிரோட இருக்கானா?

— தண்ணி டேங்க் பின்னால தூக்கினு போயி போட்டேன். மூச்சு வந்துகினு இருந்திச்சு. காதுலேர்ந்து ரத்தம் நிக்கல.

— கடவுளே.

— தோ பாரு. சுகிர்தம் அக்கா வாயத் தொறக்காது. யாரும் வரவே இல்லன்னு சொல்லு. வேற ஆள அனுப்புவானுங்கோ. உன் வேல போவாது.

— அங்க ஒருத்தன் செத்துகினு கெடக்கான், நீ என் வேலயப் பத்திப் பேசற.

— போன எதுக்கு எடுக்கற? வை. வைமே.

— கைய வுடு. முறுக்காத, வலிக்குது.

— போலீசு உள்ள வந்தா உன் படிப்பெல்லாம் மண்ணாப் போவும்.

— வுடுன்றேன்.

— ஆ. கடிச்சிட்டியேமே. சதையே பிஞ்சிகிச்சு.

— ஹலோ, ஆம்புலன்சா? வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுங்க, தண்ணி டேங்க் பின்னாடி. தலையில அடி, காதுல ரத்தம் வருது. சீக்கிரம் வாங்க. போலீசுக்கும் சொல்லுங்க. அடிச்சவரு இங்கதான் இருக்காரு. எங்கண்ணன்.

— சொல்லிட்டியா.

— சொல்லிட்டேன். இந்தத் தடவ உனக்காக ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்க மாட்டேன்.

— நிக்காத. ஆனா போலீசு எத்தினி வாட்டி கேட்டாலும் இதயேதான் சொல்லணும். மாத்தக் கூடாது.

— ஏன் மாத்தப் போறேன்?

— சத்தியம் பண்ணு.

— சத்தியமா. உனக்கு இன்னாண்ணா அதுல அவ்ளோ அக்கற?

— நான் வந்தப்பவே அவன் கும்பிட்டுகினு இருந்தான்மே. எம்புள்ளைய வெட்டவா வந்தன்னு நைனா அடிச்சிகினே இருந்தாரு, நான்தான் பம்பு கைப்பிடிய அவரு கைலேர்ந்து புடுங்கினேன்.