அம்மனுக்கு ஒரு எழுத்து

தலவாக்கலையில் அட்டன் பஸ் ஏறித் தூங்கலாம் என்று கண்ணை மூடினேன். முன் ஸீட்டுப் பேச்சு விடவில்லை.

"தலைவரே, ஒரு லயத்து எழுத்தக் காணோம்ங்க."

கண்ணைத் திறந்தேன். லயம் லயமாக வரிசை வீடுகள் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவரும் காரியதரிசியும். மடியில், பெயிண்டரிடம் திருப்பிக் கொண்டுபோகும் பெயர்ப் பலகை.

"நல்லா எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேங்க. கமிட்டிங்கிறதுக்கு இங்கிலீசுல ஒம்பது எழுத்து. நமக்கு ஒம்பது லயம். லயத்துக்கு ஒரு எழுத்துன்னு பிரிச்சுத்தானே சாயத்துக்குக் காசு வாங்கினோம். மூணாம் லயத்துக்கு ஒரு எம், நாலாம் லயத்துக்கு ஒரு எம். பெயிண்டரு ஒண்ணுதான் போட்டிருக்கான்."

"இருக்கிற எம் யாரோடது?"

"ரெண்டு லயமும் எங்களுதுங்குது. இது தீராட்டி நாளைக்குத் தேர்வடத்தத் தொடமாட்டாங்களாம்."

"நடுவுல இன்னொண்ணு சொருக முடியாதா?"

"நெருக்கி எழுதிட்டான்ங்க. ரெண்டு ஓரத்துலதான் எடமிருக்கு."

தலைவர் பலகையின் இரண்டு ஓரத்தையும் தடவிப் பார்த்தார்.

"அப்ப முன்னுக்கு ஒரு எம், பின்னுக்கு ஒரு எம் போடச் சொல்லு. ரெண்டு லயத்துக்கும் ஆளுக்கொண்ணு."

"நடுவுல இருக்கிறது?"

"அது அம்மனுக்கு."

காரியதரிசி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"திருவிழாவுக்கு வர்ற தோட்டத்து மேனேஜர் தொரை படிச்சுப் பாத்தா, எழுத்து தப்புன்னு சொல்லமாட்டாருங்களா?"

"சொல்லட்டும். தேர தொரையா வந்து இழுக்கப் போறாரு?"