மூடிக்குள் கீறிய தேதி

– மெதுவாடா எட்சா! உன் கம்பெனி இரும்பா அது? எங்கப்பாரு பாக்கெட்ல வெச்சிருந்த கடிகாரம்.

– கம்முனு இருங்கப்பா. ஹெல்பரா சேர்ந்து, இருபது வருஷமா டூல் ரூம்ல நிக்கறேன். தலைமுடில பாதி தடிமன் இருந்தாலும் அளந்து தருவேன்.

– ஆமாமா, பெரிய இன்ஜினியரு! பத்தாவது லீவுல இதே கடிகாரத்தத் திறந்து சாவடிச்சவன்தானே? ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் வர்றான். டேனிகிட்ட குடுத்தா பெங்களூர்ல சரி பண்ணினு வருவான். அவனுக்கு விவரம் இருக்குது.

– அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் புடிச்சு எப்போ பாத்தீங்க? இன்னும் ரெண்டு நாள் இருக்குதில்ல, நானே ஓட்டிக் காட்டறேன்.

– கிழிச்ச! உன் கை பட்டது எது உருப்பட்டுச்சு? அதான் ஐ.டி.ஐ.யும் வேணாம் ஒண்ணும் வேணாம், மத்திகிரிப் பண்ணையில மாட்டுக்குப் புல்லு அறுன்னு அனுப்பினேன்.

– ஏழு வருஷம் அறுத்தேன். நீங்க சொன்னது மட்டும் மனச விட்டுப் போகல. புது மெஷினத் தொடணும்னா இன்னிக்கும் பக்கத்துல ஒரு ஆள நிக்க வெச்சுக்கறேன்பா.

– நிக்கட்டும். அந்த பயமாச்சும் இருக்கட்டும். என்னடா, வேலைய விட்டுட்டு மூடியவே பாத்துனு இருக்க?

– உள்பக்கம் ஊசியால கீறியிருக்குது. ரிப்பேர்காரங்க திறந்தா பேரும் தேதியும் போட்டு வெப்பாங்க.

– எவனோ வெள்ளைக்காரன் காலத்துல கீறியிருப்பான். மூடு அத.

– வெள்ளைக்காரன் தமிழ்லயா கீறினான்? ‘கங்கப்பன். 14-2-96. ஸ்பிரிங் உடைசல். கிடைக்கல.’ அப்பா, நான் திறந்தது பரீட்சையெல்லாம் முடிஞ்சு, அதே வருஷம் ஏப்ரல் மாசம்.

– இருக்கும், இருக்கும்... எனக்கென்ன ஞாபகம்?

– பிப்ரவரியிலயே செத்துப்போன கடிகாரம். கங்கப்பன்கிட்ட யாரு கொண்டுபோனது?

– நாந்தான்.

– தெரிஞ்சேதான் பெல்ட்டால அடிச்சீங்களா? தெரிஞ்சேதான் முப்பது வருஷமா கை வெளங்காதவன்னு ஊரெல்லாம் சொன்னீங்களா? தூ! இதுல ஜெபக்கூட்டத்துக்கு முன்வரிசை வேற!

– துப்புடா, துப்பு. அந்த வருஷம் டேனிக்குக் காலேஜ். ரெண்டு பேரையும் படிக்க வைக்க எனக்கு வக்கில்ல. பெத்த புள்ளகிட்ட அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, உன் கை மேல பழியப் போட்டுட்டேன்.