மேற்குச் சுவரில் ஒரு நுவாசெட்

உலக சமாதானத்துக்கு அடுத்தபடி முக்கியமான செய்தி ஒன்றை முதலில் அறிவித்துவிடுகிறேன். கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நுவாசெட் ரோஜாவுக்குப் பிற்பகல் வெயில் ஆகாது. காலை வெயிலை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள்; மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். தண்ணீரை வேரில்தான் ஊற்ற வேண்டும், இலையில் படக்கூடாது. இது தெரியாமல் நம்மைப் போன்ற வெக்கை பூமியில் எத்தனையோ நல்ல தோட்டங்கள் நாசமாகியிருக்கின்றன.

மன்னிக்கவும், நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. மணி மூன்றரை இருக்குமா? நான்கு மணிக்கு ரோஜாவின் நிழல் வலையை நகர்த்த வேண்டும். இல்லை, இனி வேண்டியதில்லை. பழக்கதோஷம்.

நீங்கள் கேட்டது என் மாமனாரைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஊரில் பழைமை ரோஜா ஆர்வலர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். அதில் பன்னிரண்டு பேர் நிர்வாகிகள், மீதி இருவர் சிறப்பு அழைப்பாளர்கள். நான் செயலாளர். தலைவர் ஒரு பல் டாக்டர்; ரோஜாவைப் பார்த்தால்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றும். வருடத்துக்கு ஒருமுறை நடுவர் குழு வீடு வீடாக வந்து, ஒரே ஒரு செடிக்குப் பித்தளைத் தகடு வழங்கும். வாசல் சுவரில் பதித்துக்கொள்ளலாம். அதற்கான நான்கு துளைகளை ஏழு வருடத்துக்கு முன்பே என் வாசல் சுவரில் போட்டுவைத்துவிட்டேன்.

என் வாசல் என்றால் மாமனாரின் வாசல். நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரோஜாவிலும் இதே ஏற்பாடுதான். ஏதோ ஒரு முரட்டு அடிச்செடியின் தலையை வெட்டிவிட்டு, நல்ல குலத்துக் கிளையை அதில் ஒட்டுவார்கள். வேர் அவர்களுடையது, பூ நம்முடையது.

மாமா ரொட்டி சுடுபவர். நாற்பது வருடம் அடுப்பு வாய்க்கு முன்னால் நின்றவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். குளிர்நாட்டுப் பண்ணையிலிருந்து செடி வந்த அன்று, பெட்டியின் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, "நாய்செட்டா?" என்று கேட்டார். நுவாசெட் என்று திருத்தினேன். "சரி, நாய்ச்செடி" என்றார். அதோடு முடிந்தது. என்னைத் தேடி யார் வந்தாலும், "இருங்க, மாப்ள நாய்ச்செடிக்குத் தண்ணி காட்டிட்டு வருவாரு" என்பார். சங்கத் தலைவரிடமே ஒருமுறை சொன்னார். தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சிரித்த தாடை இன்னும் வலிக்கிறது.

முதல் வருடம் செடி ஒரே ஒரு கொத்து பூத்தது. வெண்ணெய் நிறம், அடுக்கடுக்கான இதழ், தேயிலை டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை. அடுத்த கோடையில் தரையோடு தரையாகக் கருகிவிட்டது. மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மண்ணுக்குக் கீழேயிருந்து ஒரு துளிர் கிளம்பியது. என்ன வேகம் என்கிறீர்கள். ஒரே வருடத்தில் சுவரின் பாதியைப் பிடித்துவிட்டது. இலை கொஞ்சம் மாறியிருந்தது. முள் கொக்கிபோல வளைந்திருந்தது. துன்பம் குணத்தை மாற்றும் என்று சங்கத்தில் கட்டுரை வாசித்தேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அது பூக்கவே இல்லை. பெரிய மனிதர்கள் கூப்பிட்டவுடன் வந்துவிடமாட்டார்கள் என்று அதற்கும் ஒரு கட்டுரை எழுதினேன்.

போன வருடம் மாமா மாவு சிந்திய தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மாடி ஏற முடியாது என்று கீழே மேற்கு அறையில் கட்டில் போட்டோம். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவுகள். ரோஜா ஏறியிருப்பதும் அந்தச் சுவரில்தான்; கொடி ஏற வேறு சுவர் இல்லாததால் பிற்பகலுக்கு நிழல் வலை கட்டியிருந்தேன்.

இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். கொடி நேராக நின்றால் நுனியில் ஒரு பூவோடு சரி. படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு மொட்டு வைக்கும். மனிதர்கள் இதற்கு நேர்மாறு. படுத்துவிட்டால் ஒரு பயனும் இல்லை. நீண்ட கொடியை ஜன்னலுக்குக் குறுக்காகப் படுக்கவைத்தேன். கதவைத் திறந்தால் கொடி ஒடியும். ஆகவே கதவு மூடியிருந்தது. இது பகை அல்ல, தோட்டக்கலை.

"என்னங்க, அப்பாவுக்குக் கொஞ்சம் காத்து வேணாமா?" என்று மனைவி கேட்டாள். மின்விசிறி இருக்கிறதே என்றேன். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. காலையில் அப்பாவுக்குத் துடைத்து, ஊட்டிவிட்டுப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். பகல் முழுக்க அவர் என் பொறுப்பு.

இந்த வருடம் வழக்கத்துக்கு மீறிய குளிர் அடித்தது. கோடை பிறந்ததும் மொட்டு வைத்தது. முப்பத்தொரு மொட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எண்ணுவேன். உள்ளே வந்து உட்காருவேன். ஏதாவது காக்கை வந்திருக்குமோ என்று மறுபடி ஓடுவேன். உள்ளேயிருந்து மாமா, "மாப்ள, நாய் குட்டி போட்டுருச்சா?" என்பார். இருந்தாலும், முதல் பூவை அவர் கையில்தான் கொடுப்பதாக இருந்தேன். என் மனம் அப்படிப்பட்டது.

நடுவர்கள் வர மூன்று நாள் இருந்தது. அன்று காலைக் காற்றில் நிழல் வலை இரண்டாகக் கிழிந்துவிட்டது. பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. ஒரு மணிக்கு வெயில் சுவருக்கு வந்தது. நான் குடையை விரித்து, நாற்காலி மேல் ஏறி, கொடிக்கு நிழல் பிடித்தேன். சுவர் தோசைக்கல்லாகக் கொதித்தது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. நானும் அதே வெயிலில்தான் நின்றேன் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உள்ளேயிருந்து மாமா கைத்தடியால் ஜன்னல் கதவைத் தட்டினார். "மாப்ள, ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. மூச்சு முட்டுது."

"மூணு நாள் பொறுத்துக்கங்க மாமா. அதுக்கப்புறம் திறந்தே வெச்சுடலாம்."

"நாய்க்குக் கொடை புடிக்கிறீங்களே, எனக்கு ஒரு கதவு திறக்கக் கூடாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு தடியால் கதவை உந்தினார். கொடி வில்லாக வளைந்தது. இரண்டு மொட்டு உதிர்ந்தது. இருபத்தொன்பது. கொடி கட்டுவதற்காக அவருடைய பழைய நீலச் சட்டையைக் கிழித்துவைத்திருந்தேன். பருத்தித் துணி தண்டை உறுத்தாது. அதில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு கதவின் கைப்பிடிகளையும் சேர்த்துக் கட்டினேன். இரட்டை முடிச்சு. உங்கள் மேஜை மேல் இருப்பது அதுதான்.

அவர் தட்டிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் மொட்டுகள் நடுங்கின. நாற்பது வருடம் அடுப்பில் நின்றவருக்கு இந்தச் சூடு ஒரு சூடா என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வீட்டைச் சுற்றி உள்ளே வந்து அவரைக் கூடத்துக்குத் தூக்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தூக்கியிருக்கலாம். ஆள் இளைத்து எடையே இல்லை. ஆனால் இரண்டு கையிலும் குடை இருந்தது.

இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டார். மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே வாளி. அதிலிருந்து ஒரு டம்ளர் எடுக்கலாமா என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். ஒரு டம்ளர் என்று ஆரம்பித்தால் நிற்காது. வாளியை வேரில் ஊற்றினேன். இலையில் ஒரு சொட்டு படவில்லை.

மூன்று மணிக்குத் தட்டுவது நின்றது. அது அவர் கண்ணயரும் நேரம். நிம்மதியாகத் தூங்கட்டும் என்று குரல்கூடக் கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். டாக்டர் வந்து, வயது, வெக்கை என்று எழுதிக்கொடுத்தார். அடக்கம் மறுநாள் முடிந்தது. நடுவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மொட்டுக்குத் துக்கம் தெரியுமா? மூன்றாம் நாள் காலையில் அது விரிந்துவிட்டது.

தலைவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு வந்தார். பூவருகே குனிய வசதியாகக் கொடியைச் சற்றுத் தளர்த்தச் சொன்னார். நான் நகர்வதற்குள் மனைவி ஜன்னலருகே போய்விட்டாள். முடிச்சில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"இது கொடியைக் கட்டினது இல்லையே" என்றாள். "கதவைக் கட்டினது."

அவள் சத்தம் போடவில்லை. அப்பாவின் சட்டைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். தலைவருக்கு இது எதுவும் தெரியாது. பாவம், அவர் இதழ் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதற்கு அதிகம் இல்லை. வெளிறிய ரோஸ் நிறத்தில் ஐந்தே இதழ். வாசனை இருந்ததாகச் சொல்ல முடியாது.

"செயலாளரே, உங்க ஒட்டு அந்தக் கோடையிலயே செத்துப்போச்சு" என்றார். "இத்தனை வருஷமா நீங்க வளர்த்தது அடிச்செடி. குளிர் நாட்டுல வேலியோரம் தானா மொளைக்கும்."

அதற்குப் பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டேன். சங்கக் குறிப்பேட்டில் எழுத வேண்டுமே. சொன்னார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலைக் கட்டியது நான். அவர் தட்டியது எனக்குக் கேட்டது. தண்ணீர் இருந்தது. காரணம் என்ற இடத்தில் நுவாசெட் என்று எழுதியிருந்தால் மட்டும் அடித்துவிடுங்கள்.

அது நாய் ரோஜா.