வழி வைக்காத நாற்பத்தோராவது லெவல்

பெட்டி தள்ளியே பெரும்புகழ் பெற்ற தலைவர் அவர்களே! ஒரே லெவலில் ஒன்பது வாரம் முட்டி நின்றும் முகம் சுளிக்காத மூத்தோர்களே! மகன் அறைக்குள் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நம்பிப் பால் ஆற்றிக் கொடுத்து, உண்மை தெரிந்த பிறகும் துணைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் மனைவியின் கடைசி லெவலை வெளியிட என்னை அழைத்திருக்கிறீர்கள். பதாகையில் அவள் படத்தைவிட 'வெளியீட்டு விழா' பெரிதாக இருக்கிறது. மகிழ்ச்சி. பதினொரு மாதமாக எனக்கு எது நடந்தாலும் மகிழ்ச்சிதான். என்ன நடக்கிறது என்றே உறைக்காதவனுக்கு வேறென்ன வரும்?

தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓர் அறை, சில சுவர்கள், சில பெட்டிகள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனால் கதவு திறக்கும். அப்படி ஓர் அறைதான் ஒரு லெவல். அந்த அறையை நாமே வரைந்து ஊருக்கெல்லாம் அனுப்பலாம். ஒரே ஒரு சட்டம்: வரைந்தவர் முதலில் ஆடி ஜெயித்துக் காட்ட வேண்டும்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். மாட்டிவிடுவது அவள் பொழுதுபோக்கு. பத்தல்ல, இருபதல்ல, நாற்பது லெவல்! நாற்பதிலும் முதலில் மாட்டியவன் யார்? ஆமாம், சத்தமாகவே சொல்லுங்கள், நான்தான்! சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து ரசிப்பாள்.

"ஏங்க, பத்து மாடி லிஃப்டை நட்டு நட்டா கழட்டுறீங்க, ஒரு பெட்டியை ஓரமா தள்ளத் தெரியலையா?"

"ஒரு துப்பாவது குடுடி."

"குடுத்துட்டா அப்புறம் நான் எதைப் பாத்து சிரிக்கிறது? தள்ளுங்க, தள்ளுங்க."

நீங்கள் அவளைத் திட்டி எழுதிய கடிதங்களையும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுவாள். அத்தனை பெருமை!

நாற்பத்தொன்றை வரைந்துகொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து நான் மட்டும் திரும்பினேன். முன்வரிசை அம்மா, கண்ணைத் துடைக்காதீர்கள். நானே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அவளுக்குப் பதிலாக நான் ஜெயித்தால் வெளியிடலாம் என்று நம் விளையாட்டுச் சங்கம் பெரிய மனது பண்ணியது. ஆடினேன், ஆடினேன், ஆடிக்கொண்டே இருந்தேன். முடியவில்லை. படித்த படிப்பு எதற்கு? எல்லா நகர்வையும் தேடிப் பார்க்க ஒரு ப்ரோகிராம் எழுதினேன். போன வியாழக்கிழமை பதில் வந்தது. கடினம் என்றா சொன்னது? இல்லை. வழியே இல்லை என்றது!

அப்போதுதான் உறைத்தது. அவள் வேலை செய்யும் விதமே அதுதான். முதலில் எல்லாப் பக்கமும் அடைப்பாள். ஆடிப் பார்ப்பதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு சுவரை எடுப்பாள். அதை எடுக்காமலே போய்விட்டாள்.

செயலாளர் தம்பியிடம் சொன்னேன்.

"அண்ணே, ஒரு சுவரை எடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எந்தச் சுவரைப்பா?"

"எதையாவது எடுங்கண்ணே! ஹால் பேசி, ஆளுங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு!"

எடுத்துப் பார்த்தேன். மூன்று சுவர்களில் எதை எடுத்தாலும் வழி பிறக்கிறது. அவள் எதை எடுத்திருப்பாள்? ஐந்து வருடம் கூட வாழ்ந்தவன் நான். காப்பிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, தெரியும். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், தெரியும். எந்தச் சுவர்? இடதா, வலதா, நடுவா? தெரியாது, தெரியாது, தெரியவே தெரியாது!

நான் ஒன்றை எடுத்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். கைதட்டுவீர்கள். ஆனால் அது அவள் பெயரில் நான் போட்ட லெவல். அவளுக்குத் தெரிந்த ஒன்றை, எனக்கும் தெரிந்ததுபோல் நடிக்க நான் தயாரில்லை! அவள் அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும்!

தம்பி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன்.

ஆகவே பெரியோர்களே, இந்த வெளியீட்டு விழாவில் வெளியீடு இல்லை. அவள் விட்டுப்போன அறை மட்டும் இப்போது திரையில் வரும். யாராலும் ஜெயிக்க முடியாது, அதற்கு நான் உத்தரவாதம். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு பெண் யோசித்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் போடாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. விளக்கை அணையுங்கள் தம்பி. வணக்கம்.