தேவதூதருக்குத் தெரியாத பாஷை

— இன்னுமா முடியலை வாத்தியாரே? விடிஞ்சதுலேர்ந்து முற்றத்துல உட்கார்ந்து ஒரே வரியை மென்னுக்கிட்டிருக்கீங்க. உள்ளே நம்ம பொண்ணு நானாய்க்கு உடம்பு அடுப்புக் கல்லாட்டம் கொதிக்குது.

— கத்தாதே கோமிஷ். 'இரங்கும்'னு கேக்கறதுக்கு எபிரேயத்துல ஒண்ணுக்கு மேல சொல் இருக்கு. எது பொருத்தம்னு பார்க்கறேன்.

— எதையாவது போடுங்க. இல்லேன்னா உள்ளே வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, நாம பேசற அரமேயத்துலயே கேளுங்க.

— கவனி. நாம கேக்கறதை மேலே தூக்கிட்டுப் போறவங்க தேவதூதர்கள். அவங்களுக்கு அரமேயம் தெரியாது. அதுல கேட்டா வாசல்லயே போட்டுட்டுப் போயிடுவாங்க. இது நான் சொல்றதில்லை, பெரியவங்க சொன்னது.

— நல்லாயிருக்கு நியாயம். சூரா துறையில படகு ஓட்டறவன் அரமேயம் பேசறான், பாரசீகம் பேசறான், பேரீச்சங்கள்ளு உள்ளே போனா கிரேக்கமும் பேசறான். ஏழு வானம் ஏறி இறங்கறவங்களுக்கு ஒத்தை பாஷைதானா?

— அது சாமானிய பாஷையா? வெளிச்சம் உண்டாகட்டும்னு படைச்சவர் சொன்னது அதுலதான். சொன்னார், வெளிச்சம் வந்துது. யோசிச்சுப் பார்த்தா எனக்கு இன்னிக்கும் மயிர்க்கூச்செறியுது.

— எனக்கும்தான். ஆனா ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரில்ல இருக்கு. நீங்க மெலெக்ங்கறீங்க, நான் மல்காங்கறேன். சிம்மாசனத்துல இருக்கறது ஒரே ராஜாதான். நீங்க கெலெவ்ங்கறீங்க, நான் கல்பாங்கறேன். எப்படிக் கூப்பிட்டாலும் தெரு நாய் வாலாட்டிக்கிட்டு வருது.

— நாயைச் சாட்சிக்கு வெச்சு வேதம் பேசாதே. எபிரேயம் வேதத்தோட மலைமேலேர்ந்து இறங்கி வந்தது. அரமேயம், நம்ம பாட்டன்மாரைக் கைதியா இந்தப் பாபிலோனுக்கு ஓட்டிட்டு வந்தப்போ கால் புழுதியோட ஒட்டிக்கிட்டது.

— ஒட்டிக்கிட்டதுதானே கூடவே வரும்? நம்ம கல்யாணத்துல ஆசீர்வாதம் எபிரேயத்துல. கேக்க அழகாயிருந்துது, பாதி புரியலை. சோறு போடறேன், துணி எடுத்துத் தரேன்னு நீங்க எழுதிக் குடுத்தது அரமேயத்துல. அது ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சுது.

— இப்போ அதுக்கென்ன?

— ஒண்ணுமில்லை. குடும்பம் எதுல நடக்குதுன்னு சொன்னேன். நேத்து நானாய் காய்ச்சல் வேகத்துல 'அப்பா, அப்பா'ன்னு கூப்பிட்டா. நீங்க நிலைப்படிவரை வந்தீங்க. வாயே திறக்கலை.

— 'அப்பா'ங்கறது அரமேயம். எபிரேயத்துல 'அவீ'ன்னு கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்திருந்தேன். அவகிட்ட எபிரேயம் மட்டும்தான் பேசுவேன்னு பொருத்தனை பண்ணியிருக்கேன். அவ நாக்காவது சுத்தமா வளரட்டும்னு.

— முதல்ல அவ வளரட்டும்.

— அப்படிச் சொல்லாதே.

— வேற எப்படிச் சொல்ல? ராத்திரி முழுக்க ஒரு வாய் தண்ணி இறங்கலை. இப்போதான் கண் அசந்திருக்கா. காலையில உங்க குரு உங்களைத் தாண்டிக்கிட்டு உள்ளே வந்தாரே, அவரும் ஒண்ணும் நம்பிக்கையாச் சொல்லலை. முக்காலியைத் துடைச்சுப் போட்டேன், அதுலகூட உட்காரலை.

— நின்னுக்கிட்டா இருந்தார்?

— போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தரையில உட்கார்ந்துட்டார். அவ்வளவு பெரிய மனுஷர், நம்ம மண் தரையில. பேசறப்போ பிள்ளையோட தலைக்கு மேலயே பார்த்துக்கிட்டிருந்தார். கூரை ஒழுகுதோன்னு நானும் அண்ணாந்து பார்த்தேன். அப்புறம் அரமேயத்துலதான் என்னவோ கேட்டார். பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரி, அவ்வளவு சன்னமா.

— தரையிலயா உட்கார்ந்தார்?

— ஆமாங்கறேன். ஏன் உங்க மூஞ்சி வெளுத்துப்போச்சு?

— நீ எங்கே உட்கார்ந்திருந்தே?

— பெத்தவ எங்கே உட்காருவா? கட்டில்ல, அவ தலைகிட்ட.

— கோமிஷ், நோயாளியைப் பார்க்கப் போறவன் உசந்த இடத்துல உட்காரக் கூடாது. தலைமாட்டுல அவர் வந்து இருப்பார்.

— யாரு, தூதரா?

— தூதர் இல்லை. அவர்.

— அவரா?

— அவரேதான், வெளிச்சம் உண்டாகட்டும்னு சொன்னவர். நடுவுல தூக்கிட்டுப் போக யாரும் வேண்டாம். அதனால நோயாளி பக்கத்துல எந்த பாஷையிலயும் கேக்கலாம்.

— எப்போலேர்ந்து இருக்கார்?

— காய்ச்சல் கண்டதுலேர்ந்து.

— முந்தாநாள்லேர்ந்தா? அந்தக் குச்சுக்குள்ளேயா? அங்கேதான் வெங்காயக் கூடை வெச்சிருக்கேன்.

— வெங்காயத்தைப் பத்தி எனக்குத் தெரியாது.

— மத்ததெல்லாம் தெரியுமில்ல? தெரிஞ்சிருந்துமா இங்கே உட்கார்ந்து ஏழாவது வானத்துக்கு அனுப்பச் சொல் தேடினீங்க?

— வருஷா வருஷம் பாடமாச் சொல்லிக் குடுக்கறேன்டி. ஒரு மூச்சுல ஒப்பிப்பேன். ஆனா அவர் பாடத்துலதான் இருந்தார். என் வீட்டுக்குள்ளே, என் பிள்ளை தலைமாட்டுலன்னா… எப்படி உள்ளே காலை வைக்கறது? பயமாயிருக்கு.

— எனக்கும்தான் பயம். ஆனா முந்தாநாள்லேர்ந்து அவர் பக்கத்துலதான் ஈரத்துணி மாத்திக்கிட்டிருந்திருக்கேன். எழுந்து போன்னு சொல்லலையே. வாங்க. செருப்பைக் கழட்டுங்க. குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு.

— இங்கே உட்காரட்டுமா?

— உங்க இஷ்டம். நானும் தரையிலயே உட்கார்றேன். ம், சொல்லுங்க.

— வரலை கோமிஷ். விடிஞ்சதுலேர்ந்து கோத்தது ஒண்ணுகூட வரலை.

— சந்தையில கேக்கற மாதிரி கேளுங்க.

— ஐயா. இவ சின்னவ. எங்களுக்கு வேற பிள்ளை இல்லை. இவளை எங்ககிட்டயே விட்டுடுங்க.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான் தெரியுது.

— இருங்க. கழுத்தைத் தொட்டுப் பாருங்க. வேர்க்குது. முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. நானாய், கண்ணு, அம்மாடா.

— அம்மா… பசிக்குது.

— தரேன் ராசாத்தி, இதோ கஞ்சி தரேன். பாருங்க, கேக்கறா. வாயைத் திறந்து கேக்கறா.

— அப்பா, நீங்க அம்மா மாதிரி பேசினீங்க.

— பேசினேன் கண்ணு. இனிமேலும் பேசுவேன்.

— அவரு போயிட்டாரா?

— யாரும்மா?

— தலைமாட்டுல இருந்தவரு.

— கண்ணு… அவர் எந்த பாஷையில பேசினார்?

— இப்பவும் அதுதானா உங்களுக்கு?

— அவரு எங்கேப்பா பேசினாரு? நீங்க ரெண்டு பேரும் வெளியில சண்டை போட்டதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு.