நான் தூக்கிய இமைகள்

தலைமை ஏற்றிருக்கும் கண் மருத்துவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு 'யார் இந்தப் பெண்?' என்று பார்க்கும் தாய்மார்களே, எனக்குச் சம்பளம் தரும் ஸ்டுடியோ முதலாளி அவர்களே, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவளின் நடுக்கமான வணக்கம் அனைவருக்கும்!

நான் முதலில் கண்டது ஒரு புள்ளி. எங்கள் ஸ்டுடியோ விளக்கு, படம் எடுக்க வருபவரின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கும். என் அப்பாவின் தங்கை, தையற்கார அத்தை, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். வலக்கண்ணில் முழுப் புள்ளி. இடக்கண்ணில் அரைப் புள்ளி. மீதி எங்கே? இறங்கிய இமைக்குள்ளே!

கண்டவள் கவலைப்பட்டேனா? காரணம் கேட்டேனா? கணினியில் வலக்கண்ணை வெட்டினேன், திருப்பினேன், இடப்பக்கம் ஒட்டினேன்! எங்கள் கடையில் இதற்கு 'இமை தூக்குவது' என்று பெயர். தூங்கி வழிகிற முகத்தைக் கொடுத்தால் யாரும் திரும்ப வரமாட்டார்கள் என்பது முதலாளியின் சட்டம். மூன்று ஆண்டில் மூன்று வேறு அட்டைகளுக்கு அத்தையைத் தூக்கினேன். ஒரு தபால்காரரைத் தூக்கிய தூக்கில், அவர் பேயைக் கண்டவர் போல் ஆகிவிட்டார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவரும் அங்கே பின்வரிசையில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த ஆண்டு அத்தையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அம்மையாரிடம் போனார். இமை எப்போது இறங்கியது என்று அறிய அம்மையார் பழைய படங்களைக் கேட்டார். அத்தை அட்டைகளை நீட்டினார். மூன்றிலும் கண்கள் முழுநிலா! கடைசிப் படம் போன மாதம் எடுத்தது. அப்படியென்றால் ஒரே மாதத்தில் இறங்கிய இமையா? தலையை உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் அம்மையார்.

அத்தை வீட்டுக்கு வந்து உயில் பேசத் தொடங்கிவிட்டார். தையல் இயந்திரம் எங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்காம், கத்தரிக்கோல் எனக்காம். "பாதி தச்ச சட்டைய நீ முடிக்காதக்கா, அப்படியே திருப்பிக் குடுத்துடு. நீ தச்சா சண்டைக்கு வருவாங்க," என்றார் பெரியம்மாவிடம்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அத்தையின் உயிர் பயத்திலேயே போகும். தூக்கும் முன் எடுத்த அசல் படங்களை நான் அழிப்பதில்லை. அவற்றை அச்சிட்டு, அத்தையோடு போய் அம்மையாரின் மேசையில் வைத்தேன்.

"என்னடி இது?"

"இதுதான் உங்க கண்ணு அத்த. அட்டையில இருக்கிறது நான் செஞ்ச கண்ணு."

அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி, எங்க வீட்டுக் கண்ணாடிதான் கெட்டுப்போச்சுன்னு இருந்தேன்."

அசலில் புள்ளி ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்திருந்தது: அரை, கால், இல்லை. என்னென்ன மாத்திரை என்று கேட்டார் அம்மையார். முதல் படத்துக்குச் சில மாதம் முன்பு தொடங்கிய தூக்க மாத்திரை. பழைய சீட்டைக் காட்டியே வாங்கி, அளவையும் கூட்டியிருக்கிறார் அத்தை. ஸ்கேன் அவசரம் விலகியது. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, தன் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார் அம்மையார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரி எத்தன பேரத் தூக்கியிருக்க?"

"அறுபத்திரண்டு."

தூக்க மாத்திரைக்கும் இமை இறங்குவதற்கும் தொடர்பு உண்டா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்; தேதியோடு படங்கள் இல்லாமல் தவித்தார். தொடர்பு தெரிகிறது, முடிவாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும் என்று சற்றுமுன் இதே மேடையில் சொன்னாரே, அந்த ஆய்வுதான். அசல் படங்களை ஆய்வுக்குத் தர, அறுபத்திரண்டு பேரிடமும் நானே போய்ச் சம்மதம் கேட்க வேண்டும் என்றார். முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கேமராவைத் துடைத்தார். பிறகு முகவரிகளை அவரே எழுதித் தந்தார்.

அன்புடையீர்! இறங்கிய இமையை ஏற்ற ஒரு விரல் போதும். இறங்கியது ஏன் என்று கேட்க ஒரு வாய் வேண்டும்! அந்த வாய் என்னிடம் இருந்ததா? "நேரா பாருங்க, தாடைய இறக்குங்க" என்பதைத் தவிர வேறு பேசாதவள் நான்.

முதல் முகவரி, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் வீடு. கதவைத் தட்டினேன். திறந்தார். "ஐயா, உங்க கண்ண நான் மாத்திட்டேன். அசல் என்கிட்ட இருக்கு. டாக்டரம்மாகிட்ட குடுக்கலாமான்னு கேக்க வந்தேன்," என்றேன். வாய் திறந்து நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.